நரிதாவின் ஒற்றைத் தண்டவாளம்

வீட்டில் அடுப்படி மேடையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கொத்தனாராக இருந்தால் முதலில் என்ன செய்வார்? "அம்மாவைக் கூப்பிடுங்க சார், அவங்க நின்னு சமைக்கிற உயரம் தெரியணும்" என்பார். கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆறே மாசத்தில் இடுப்பு வலி என்று நாம் உட்கார்ந்துவிடுவோம். மேடையை இடித்து மறுபடி கட்டவேண்டும். செலவு இரட்டிப்பு, மனஸ்தாபம் வேறு.

ஒரு சமையல் மேடைக்கே இப்படியென்றால், ஒரு விமான நிலையத்தையே அங்கே வசிப்பவர்களைக் கேட்காமல் கட்டினால்? சகலத்தையும் திட்டமிட்டுச் செய்பவர்கள் என்று நாம் மெச்சுகிற ஜப்பானியர்கள்தான் இந்தக் காரியத்தைச் செய்தார்கள். அதற்கான விலையை அறுபது வருஷமாகத் தவணை முறையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? தோக்கியோவுக்குப் போகும் பயணிகள் பெரும்பாலோர் வந்து இறங்கிய நரிதா விமான நிலையத்தின் கதைதான் இது. இதில் பெண்களின் பங்கு பெரிது. அதனால்தான் உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நடுவழியில் நின்ற ரயில்

என் பெண்ணின் பிரசவத்துக்காக மூன்று மாதம் ஜப்பான் போயிருந்தேன். தோக்கியோவின் கிழக்குப் பகுதியில் எடோகாவா வட்டாரம் இருக்கிறது. அதில் நிஷி கசாய் என்கிற பேட்டையில் அவர்கள் வீடு. கம்ப்யூட்டர் வேலைக்குப் போன நம்மவர்கள் அங்கே நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். கறிவேப்பிலை கிடைக்கும், இட்லி அரிசிகூடக் கிடைத்தது. மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வந்து என்னை ரயிலில் அழைத்துப் போனார்.

ஜப்பான் ரயில் நிமிஷம் தவறாது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் விமான நிலையத்தை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே, ஸ்டேஷன் ஏதும் இல்லாத இடத்தில் எங்கள் ரயில் நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் ஆச்சு, இரண்டு நிமிஷம் ஆச்சு.

"என்ன மாப்பிள்ளை, நம்ம ஊர் மாதிரி க்ராஸிங்கா?" என்றேன், விளையாட்டாக.

"க்ராஸிங்தான் அத்தை. எதிர் ரயில் போகணும். இங்கே ஒரே தண்டவாளம்தான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேசத்தின் முக்கியமான விமான நிலையத்துக்கு ஒற்றைத் தண்டவாளமா? "அது ஒரு பெரிய கதை. குழந்தை பிறந்து எல்லாம் ஒழுங்கானதும் ஒருநாள் அழைச்சிட்டுப் போறேன்" என்றார். சொன்னபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தும் போனார். விமான நிலையத்தின் கிழக்கே ஷிபயாமா என்ற ஊரில் இந்தக் கதைக்கென்றே ஒரு சிறிய காட்சிசாலை இருக்கிறது. 2011-ல் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. விமான நிலையத்தை எதிர்த்தவர்களின் தலைக்கவசங்களும் புகைப்படங்களும் அங்கே இருக்கின்றன. வைத்திருப்பது யார் தெரியுமா? விமான நிலையத்தார்! அங்கே பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

செய்தியில் கேட்ட சேதி

1960-களில் தோக்கியோவின் ஹனேடா விமான நிலையம் நெரிசலில் திணறியது. புதிதாக ஒன்று கட்டவேண்டும் என்று அரசாங்கம் இடம் தேடியது. முதலில் டோமிஸாடோ என்ற ஊரைக் குறித்தார்கள். அங்கிருந்த விவசாயிகள் கடுமையாக எதிர்க்கவே, அதைக் கைவிட்டு, சற்றுத் தள்ளியுள்ள சன்ரிஸுகாவுக்கு மாற்றினார்கள். 1966 ஜூலை 4-ந் தேதி மந்திரிசபை முடிவு எடுத்துவிட்டது.

சன்ரிஸுகாவில் அரச குடும்பத்தின் பெரிய கால்நடைப் பண்ணை இருந்தது. அரசாங்க நிலம் கணிசமாக இருப்பதால் காரியம் சுலபமாக முடியும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் வேண்டியிருந்தது ஏறக்குறைய 2,600 ஏக்கர். பெரும்பகுதி தனியார் நிலம். அங்கே இருந்தவர்கள் யார்? பரம்பரை விவசாயிகள் ஒரு பக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மஞ்சூரியாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பி வந்து, காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி நிலமாக்கியவர்கள் இன்னொரு பக்கம். நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காய்கறி என்று பயிர் செய்தார்கள். இன்றைக்கும் ஜப்பானில் நிலக்கடலை என்றால் சீபா மாநிலம்தான்.

இவர்களில் பலர் தங்கள் நிலம் பறிபோகப் போகிற விஷயத்தைச் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் வீட்டை விற்றாகிவிட்டது என்று ரேடியோவில் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

அடுத்த மாதமே எதிர்ப்புச் சங்கம் உருவாயிற்று. விவசாயக் கருவிகள் விற்கும் டோமுரா இஸ்ஸாகு என்பவர் தலைவர். சங்கத்தில் இளைஞர் அணி, முதியவர் அணி, பெண்கள் அணி, ஏன், சிறுவர் அணிகூட இருந்தது! சர்வே செய்ய ஆட்கள் வந்தால் தகர டிரம்மைத் தட்டுவார்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் ஓடுவார்கள்.

எல்லாக் குடும்பங்களும் எதிர்த்தன என்று சொல்லமாட்டேன். பலர் மாற்று நிலமும் பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊர் இரண்டாகப் பிளந்தது. சேர்ந்து நாற்று நட்டவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நல்லது கெட்டதற்குப் போக்குவரத்து நின்றது. விமானம் வரும் முன்பே இந்த நஷ்டம் வந்துவிட்டது.

ஓகி யோனே என்கிற மூதாட்டி

1971 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நிலத்தைக் கட்டாயமாகக் கைப்பற்ற ஆரம்பித்தார்கள். பெண்கள் தங்கள் உடம்பை இரும்புச் சங்கிலியால் மரங்களோடு பிணைத்துக்கொண்டார்கள். சிலர் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டி அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் பெற்றோருடன் நின்றார்கள். நான் பார்த்த புகைப்படங்களில், தலையில் துணி கட்டிக்கொண்டு போலீஸ் கேடயங்களுக்கு எதிரே நிற்கும் பெண்களின் முகம் நம் ஊரில் களை எடுக்கும் பெண்களின் முகம் போலவே இருந்தது.

அதே வருஷம் செப்டம்பரில் இரண்டாவது தடவை வந்தார்கள். செப்டம்பர் 16-ந் தேதி நடந்த மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் காத்திருக்க ஒரு குடும்பம் இருந்திருக்கும் அல்லவா? வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த தீவிரவாத மாணவர் கோஷ்டிகளால் போராட்டத்தின் போக்கு மாறிப்போனது என்பதையும் மறைக்கக்கூடாது.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 20. அன்றைக்கு இடிப்பு வேலை இல்லை என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். ஓகி யோனே என்ற மூதாட்டி அறுபது வயதைத் தாண்டியவர், தனியாக வாழ்ந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே பிறர் வீட்டு வேலைக்குப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாது. இன்று வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வீட்டு முன்னால் நெல் அடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போலீஸ் வந்தது. அவரைக் கேடயத்தின் மேல் தூக்கிப் போட்டு வெளியே கொண்டுபோனார்கள். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1973 டிசம்பரில் அவர் காலமானார்.

அவ்வளவு பெரிய ராஜ்யத்துக்கு முன்னால் ஒரு சின்ன மர வீடு. அதை இடிக்க அரை நாள்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த வீட்டை ஜப்பான் இன்னும் மறக்கவில்லை.

விமானம் தயார், எரிபொருள் வரவில்லை

1971-ல் திறப்பதாக இருந்த விமான நிலையம் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஓடுபாதையின் தெற்கு முனைக்கு வெளியே எதிர்ப்பாளர்கள் 60 மீட்டருக்கும் மேல் உயரமான இரும்புக் கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். அது நிற்கிறவரை விமானம் இறங்க முடியாது. 1977 மே மாதம்தான் அதைச் சாய்த்தார்கள். 1978 மார்ச் 30-ந் தேதி திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். நான்கு நாள் முன்னதாக, எதிர்ப்புக் கோஷ்டியினர் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கிவிட்டார்கள். ஒருவழியாக 1978 மே 20-ந் தேதி நரிதா திறக்கப்பட்டது. போட்ட திட்டம் மூன்று ஓடுபாதை. கிடைத்தது ஒன்று.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். விமான நிலையம் என்பது ஓடுபாதை மட்டும் அல்ல. பயணிகள் வர ரயில் வேண்டும், சாலை வேண்டும். விமானத்துக்கு எரிபொருள் வேண்டும். இவை ஒவ்வொன்றும் இன்னொருவர் வாசல் வழியாகத்தான் வந்தாகவேண்டும். முதல் வாசலில் கேட்காமல் நுழைந்தவரை அடுத்த வாசலில் யார் நம்புவார்கள்?

எரிபொருளைத் துறைமுகத்திலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருவதாகத் திட்டம். குழாய் போகும் வழியில் இருந்தவர்கள், "வெடித்தால் என்ன கதி?" என்று எதிர்த்தார்கள். திறப்பு விழா வரை குழாய் தயாராகவில்லை. கடைசியில் சரக்கு ரயிலில் எரிபொருளை ஏற்றி வந்தார்கள். 1983-ல் குழாய் முடியும்வரை, ஐந்து வருஷம் இப்படித்தான் நடந்தது. காஸ் இணைப்பு வரும்வரை மண்ணெண்ணெய்க்கு ஆள் அனுப்பிச் சமையல் செய்த மாதிரி!

எங்கள் பேட்டையில் சொன்ன 'வேண்டாம்'

ரயில் கதை இன்னும் சுவாரஸ்யம். தோக்கியோவிலிருந்து நரிதாவுக்கு 65 கிலோமீட்டர் தூரத்துக்கு ஷின்கான்ஸென் என்கிற அதிவேக ரயில் விடுவதாக ஏற்பாடு. அரை மணியில் போய்ச் சேரலாம். 1974-ல் வேலையும் ஆரம்பமாயிற்று.

அந்தப் பாதை எந்த வழியாகப் போவதாக இருந்தது தெரியுமா? என் பெண் குடியிருக்கும் அதே எடோகாவா வட்டாரத்தின் வழியாக! இது எனக்குத் தெரிந்தபோது ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு மாடியில் துணி உலர்ந்துகொண்டிருந்தது. கீழே குழந்தைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எடோகாவா மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ரயில் எங்கள் தலைமேல் போகும், எங்கள் ஊரில் நிற்காது. இரைச்சலும் அதிர்வும் எங்களுக்கு, பிரயாணம் வேறு யாருக்கோ. இதில் எங்களுக்கு என்ன லாபம்? வட்டார நிர்வாகமே கோர்ட்டுக்குப் போனது. வழக்கில் ஜெயிக்கவில்லை, ஆனால் நிலமும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஷின்கான்ஸென் இரைச்சல் ஒரு பெரிய பிரச்னை. நகோயா நகரத்தில் பாதை ஓரம் குடியிருந்தவர்கள் தூக்கம் போகிறது என்று 1974-ல் வழக்குப் போட்டிருந்தார்கள். ஆகவே எடோகாவா மக்களின் பயம் வெறும் கற்பனை இல்லை.

1983-ல் வேலை நின்றது. 1987-ல் திட்டமே ரத்து. அதற்குள் விமான நிலையத்தின் அடியில் ஸ்டேஷனுக்கான குகையும், அதற்கு வரும் பாதையில் சில மைல்களும் கட்டியாகிவிட்டது. ரயில் வராத ஸ்டேஷன், இருட்டில் அப்படியே கிடந்தது.

கெய்சேய் என்ற தனியார் ரயில் கம்பெனியின் பாடு இன்னும் மோசம். நல்ல இடத்தை ஷின்கான்ஸெனுக்கு ஒதுக்கிவிட்டதால், இவர்கள் தள்ளி ஓரிடத்தில் ஸ்டேஷன் கட்ட வேண்டியிருந்தது. 1972-லேயே கட்டி முடித்துவிட்டு, விமான நிலையம் திறக்கட்டும் என்று 1978 வரை காத்திருந்தார்கள். திறப்பதற்குச் சில நாள் முன்பு, அவர்களுடைய புது ரயிலுக்கு யாரோ தீ வைத்தார்கள். திறந்தபிறகும் பயணிகள் ரயிலை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்துத்தான் விமானத்துக்குப் போகவேண்டும். கைக்குழந்தையும் இரண்டு பெட்டியுமாக ஒரு தாய் எப்படிப் போயிருப்பாள், யோசித்துப் பாருங்கள்!

13 வருஷம் கழித்து, 1991 மார்ச்சில்தான், இருட்டில் கிடந்த ஷின்கான்ஸென் ஸ்டேஷனை எடுத்துச் சாதாரண ரயில்களுக்குத் திறந்தார்கள். இரண்டு தண்டவாளத்துக்கு இடம் இருந்தது. இரண்டு ரயில் கம்பெனிகள். ஆளுக்கு ஒன்று! அதனால்தான் என் ரயில் அன்று நடுவழியில் நின்றது.

ஆளில்லாத ஸ்டேஷனும் குட்டி ரயிலும்

காட்சிசாலைக்குப் போகும் வழியில் கெய்சேயின் அந்தப் பழைய ஸ்டேஷனைப் பார்த்தேன். இப்போது அதற்கு ஹிகாஷி நரிதா என்று பெயர். விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்திலிருந்து பூமிக்கடியில் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை. போகும்போது எதிரில் ஒரு ஜீவன் இல்லை.

"என்னம்மா இது, ஆள் நடமாட்டமே காணோமே?" என்றேன் பெண்ணிடம், குரலைத் தாழ்த்தி. என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. எத்தனையோ ஆயிரம் பேருக்காகக் கட்டிய ஸ்டேஷனில் அன்று எங்களோடு ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அங்கிருந்துதான் ஷிபயாமா ரயில் புறப்படுகிறது. மொத்தம் 2.2 கிலோமீட்டர், ஜப்பானிலேயே மிகக் குட்டி ரயில் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்வதற்குள் ஊர் வந்துவிட்டது.

இது வேடிக்கைக்காக விட்ட ரயில் அல்ல. விமான நிலையம் நடுவில் வந்ததால் கிழக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நரிதா பட்டணத்துக்குப் போகும் வழி அடைபட்டுப்போயிற்று. கடைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கோ போகவேண்டுமானால் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதற்கு ஈடாகக் கொடுத்த ரயில் இது. ஓட ஆரம்பித்தது 2002 அக்டோபரில். விமான நிலையம் திறந்து 24 வருஷம் கழித்து! பெரிய திட்டம் வரும்போது தூரதேசம் கிட்டே வந்துவிடுகிறது, பக்கத்து ஊர் தூரமாகிவிடுகிறது. வரைபடத்தில் இது தெரியாது. தினம் நடக்கிற கால்களுக்குத்தான் தெரியும்.

ஒரே மேஜையில்

கடைசியில் என்னதான் ஆச்சு? 1991 நவம்பரில் முதல் தடவையாக அரசாங்கமும், விமான நிலையத்தாரும், எதிர்ப்பாளர்களில் ஒரு பிரிவினரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். நடுவர்களாக அறிஞர்கள் சிலர். உஸாவா ஹிரோபுமி என்ற பெயர்பெற்ற பொருளாதார நிபுணரும் அவர்களில் ஒருவர். பொதுமக்கள் முன்னிலையில் 15 கூட்டம் நடந்தது. அதன்பின் 12 வட்டமேஜைக் கூட்டம். இனிக் கட்டாயப்படுத்தி நிலம் எடுப்பதில்லை என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1995-ல் பிரதமர் முராயாமா விவசாயிகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டதால் இடித்த வீடு எழுந்து நிற்குமா? நிற்காது. ஆனால் அதுவரை அசையாமல் இருந்த பலர் அதற்கப்புறம்தான் பேச முன்வந்தார்கள். நிபந்தனை பேசிச் சிலர் நிலம் கொடுத்தார்கள். இரண்டாவது ஓடுபாதை 2002 ஏப்ரலில் திறந்தது. முழு நிலமும் கிடைக்காததால் 2,180 மீட்டரோடு நின்றது. ஜம்போ விமானம் இறங்க முடியாது. 2009-ல்தான் 2,500 மீட்டர் ஆயிற்று. எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஓடுபாதை அருகே பயிர் செய்துவந்த ஒரு விவசாயியின் நிலத்தில் இருந்த கட்டுமானங்களை, கோர்ட்டு உத்தரவின் பேரில் 2023 பிப்ரவரியில் போலீஸ் காவலோடு அகற்றினார்கள்.

விமான நிலையத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அடையாளச் சீட்டைக் காட்டவேண்டும் என்ற கெடுபிடி 2015 மார்ச் வரை இருந்தது. வழியனுப்பப் போகும் பாட்டிக்கும் சோதனைதான்!

காய்கறிப் பெட்டி

நான் மிகவும் ரசித்த விஷயம் ஒன்று. போராட்டம் நடந்த 1970-களிலேயே சன்ரிஸுகா விவசாயிகளில் சிலர் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் காய்கறி விளைவிக்க ஆரம்பித்தார்கள். அந்தந்தப் பருவத்துக் காய்கறி பலவற்றை ஒரே பெட்டியில் போட்டு, இடைத்தரகர் இல்லாமல் பட்டணத்துக் குடும்பங்களுக்கு நேரே அனுப்பினார்கள். இன்ன காய்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. மண் கொடுத்ததைச் சமைக்கவேண்டும். முள்ளங்கிக் காலம் என்றால் முள்ளங்கிதான்! அந்தப் பெட்டியைப் பிரித்த குடும்பத் தலைவிகளுக்குச் சன்ரிஸுகா என்பது செய்தித்தாளில் வரும் கலவர ஊராக இருந்திருக்காது. கீரை வருகிற ஊராக இருந்திருக்கும். தங்களுக்கு வேண்டியது நஷ்டஈடு மட்டும் அல்ல, அந்த மண்தான் என்பதை இதைவிட நயமாக எப்படிச் சொல்ல முடியும்?

குழந்தையின் தூக்கம்

இளம் தாய்மார்களுக்காக ஒரு விஷயம். விமான இரைச்சல் வெறும் தொந்தரவுதானா, அல்லது உடம்பையும் பாதிக்குமா? லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் ஆகிய மூன்று நகரங்களின் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 9, 10 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, இரைச்சல் அதிகமுள்ள பள்ளிகளில், படித்ததைப் புரிந்துகொள்ளும் திறன் குறைந்திருந்தது. ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் 1992-ல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதைத் திறந்தபோது, புதிய இடத்துப் பிள்ளைகளுக்கு நினைவாற்றலும் வாசிப்பும் பின்தங்கின. பழைய இடத்துப் பிள்ளைகள் தேறினார்கள். இரைச்சல் நின்றால் குறை சரியாகும் என்பது ஆறுதலான செய்தி.

நரிதாவில் இரவு விமானம் கிடையாது என்ற கட்டுப்பாடு ஆரம்பம் முதலே உண்டு. 2019-ல் ஒரு ஓடுபாதையில் நள்ளிரவு 12 மணிவரை நீட்டியபோது, படுக்கையறை ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு ஜன்னல் போடப் பணம் கொடுத்தார்கள்.

இப்போது மூன்றாவது ஓடுபாதையும் வரப்போகிறது. 2018 மார்ச்சில் அரசாங்கம், மாநிலம், சுற்றுப்புற நகராட்சிகள், விமான நிலையத்தார் எல்லோரும் கூடி ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டாவது ஓடுபாதையை நீட்டும் வேலை 2025 மே மாதம் தொடங்கியது. வருஷத்துக்கு 3 லட்சமாக இருந்த விமானப் போக்குவரத்து எல்லை 5 லட்சமாகும். அதிகாலை 5 மணி முதல் இரவு 12.30 வரை விமானங்கள் வரும். ஆனால் ஓடுபாதைகளை நேரம் மாற்றி உபயோகித்து, எந்த வீட்டுக்கு மேலேயும் 7 மணி நேரமாவது அமைதி இருக்கும்படி செய்வோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1966-ல் ஒரு வார்த்தை கேட்காதவர்கள், இன்று தூங்குகிற நேரத்தைக் கணக்கிட்டு ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். இந்த 7 மணி நேரம் போதாது என்று சொல்பவர்களும் அங்கே உண்டு. நல்லதுதான், சொல்லட்டும். குழந்தையைத் தூங்கவைத்து எழுந்திருப்பவர்களுக்குத்தானே அது போதுமா, போதாதா என்று தெரியும்?

இவ்வளவு விமானத்தில் வருகிற ஜனங்கள் ஊருக்குள் எப்படிப் போவார்கள்? அந்த ஒற்றைத் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு முடியாது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். புதிய பாதை என்றால் மறுபடி யாருடைய தோட்டமோ, யாருடைய வாசலோ குறுக்கே இருக்கும்.

விமான நிலையமே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. விமானம் இல்லாவிட்டால் என் பெண்ணின் பிரசவத்துக்கு நான் போயிருக்க முடியுமா? ஆனால் நாளைக்கு உங்கள் ஊருக்கே சாலையோ, பாலமோ, விமானத் தளமோ வருகிறது, ஜனங்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் போடுகிறார்கள் என்றால், "அவர் போயிட்டு வருவார்" என்று இருந்துவிடாதீர்கள். நீங்களும் போங்கள். பெரிய கேள்விகளை மற்றவர்கள் கேட்பார்கள். நமக்குத் தெரிந்த கேள்விகளை நாம் கேட்போம். ராத்திரி எத்தனை மணி வரை சத்தம் இருக்கும்? பள்ளிக்கூட ஜன்னலுக்கு என்ன ஏற்பாடு? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக இப்போதிருக்கும் வழி இருக்குமா, இல்லை சுற்றிக்கொண்டு போகவேண்டுமா? பஸ் எங்கே நிற்கும்? வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.